மூன்றாவது நரம்பு: 500 வருடப் பழைய அபஸ்வரம் யாருடையது?

2022 நவம்பர் 6, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

ஆறு வருஷமா கிடார் வாசிக்கிறேன். லூயிஸ் மிலான்னு ஒரு ஸ்பெயின்காரர் 1536-ல வலென்சியாவுல அச்சுப்போட்ட ‘எல் மாயெஸ்ட்ரோ’ புத்தகத்தோட நகல் கிடைச்சுது. ஆறு கோடு, கோட்டு மேல எண்கள், மேல் கோடுதான் முதல் நரம்பு. அப்படியே இன்னைக்கு இருக்கிற கிடார் டேப், அதாவது எந்த நரம்புல எங்கே விரல் வைக்கணும்னு எண்ணால சொல்ற குறிப்பு. உட்கார்ந்து பவானான்னு ஒரு நடன உருப்படியை வாசிச்சுப் பார்த்தேன். தேன் மாதிரி போய்க்கிட்டே இருக்கு, திடீர்னு ஒரு அபஸ்வரம். திரும்பத் தேன், திரும்ப அபஸ்வரம். எண்ணைத் தப்பாப் படிக்கலை, நாலு தடவை சரிபார்த்தேன். மறுமலர்ச்சிக் காலத்துல ஐரோப்பியர்களோட காதே வேற மாதிரி இருந்திருக்கும்னு நினைக்கிறேன். நம்ம விவாதி ராகத்துல வருமே ஒரு கடுப்பு, அந்தச் சுவை அவங்களுக்கும் பிடிச்சிருக்கு. நான் சொல்றது சரிதானே?

2022 நவம்பர் 6, இரவு

மூன்றாவது நரம்பை எந்தச் சுருதியில் வைத்தீர்கள்?

2022 நவம்பர் 7

“வழக்கமான ஜி” என்று பதில் போட்டிருக்கிறார். வினை அங்கேதான்.

மிலான் எழுதியது கிடாருக்கு அல்ல, விஹுவேலாவுக்கு. பார்க்கக் கிடார் மாதிரியே இருக்கும், இடுப்பு வளைவு உட்பட. ஆனால் சுருதி முழுக்க லூட் என்ற பேரிக்காய் வடிவ நரம்புக் கருவியினுடையது. நம் கணக்கில் சொல்கிறேன். கிடாரில் தடித்த நரம்பிலிருந்து மேலே வரும்போது அடுத்தடுத்த நரம்புகளுக்கு நடுவே உள்ள தூரம்: ச–ம, ச–ம, ச–ம, ச–க, ச–ம. லூட்டிலும் விஹுவேலாவிலும்: ச–ம, ச–ம, ச–க, ச–ம, ச–ம. காந்தாரம் நட்டநடுவில் இருக்கும். கிடாரில் அது ஒரு நரம்பு தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆக ஆறு நரம்பில் ஐந்து சரி. மூன்றாவது மட்டும் அரைச் சுரம் தூக்கல். உங்கள் விரல் மற்ற ஐந்தில் இருக்கும்வரை தேன், மூன்றாவதைத் தொட்டதும் கடுப்பு. மிலானின் காதில் குறையில்லை.

மருந்து இரண்டு நிமிட வேலை. மூன்றாவது நரம்பை ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்குங்கள். மூன்றாம் கட்டத்தில் காப்போ (நரம்புகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் லூட்டின் சுருதியே வந்துவிடும். அதே பவானாவை வாசித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் இதே குழியில் விழுந்தவன். அதுவும் இரண்டு மாதம். ஒரு நண்பர் வீட்டு விருந்தில் அந்த அபஸ்வரத்தோடே வாசித்து, “இது பழைய சர்ச் ஸ்கேல்” என்று விளக்கம் வேறு கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

2022 நவம்பர் 9

கேட்டவர் வாசித்துவிட்டார். “சப்புன்னு ஆயிடுச்சு, அபஸ்வரமே நல்லா இருந்துது” என்கிறார். அதுவும் ஒரு ரசனை.

இன்னொருவர் கேட்டது: அந்தக் காலத்து டேப் எல்லாமே கிடார்க்காரர் அப்படியே படிக்கிற மாதிரிதானா? இல்லை. இத்தாலியில் தலைகீழ். வெனிஸில் பெத்ருச்சி 1507இல் பிரான்செஸ்கோ ஸ்பினாசினோவின் இரண்டு லூட் தொகுப்புகளை அச்சிட்டார். அச்சில் வந்த லூட் நூல்களில் அவைதான் முதலாவது. அதில் அடிக்கோடுதான் உச்ச நரம்பு. கருவியை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தடித்த நரம்பு நம் முகத்துக்குப் பக்கத்திலும் மெல்லியது தரைப்பக்கமும் இருக்கிறது அல்லவா, அதை அப்படியே தாளில் இறக்கிவிட்டார்கள். மிலான் ஒருவர்தான் அந்தக் காலத்தில் நேராக எழுதினார்.

2022 நவம்பர் 12

மேலே எழுதிய கடைசி வரி தப்பு. அவசரத்தில் அடித்துவிட்டேன். பாரிஸில் அத்தெங்ஞான் 1529இல் லூட் நூல் அச்சிட்டபோதே மேல் கோடு உச்ச நரம்புதான். பிரெஞ்சுக்காரர்கள் எண் போடாமல் எழுத்து போட்டார்கள், அவ்வளவே: திறந்த நரம்பு அ என்றால் முதல் மெட்டு ஆ, அடுத்தது இ என்கிற மாதிரி. ஸ்பெயினுக்குள்தான் மிலான் தனி ஆள். அவருக்குப் பின் வந்த நர்வாயெஸ் (1538), முதார்ரா (1546) எல்லோரும் இத்தாலிய வழியில் தலைகீழாகவே எழுதினார்கள்.

மெட்டு என்று வீணைச் சொல்லைப் போடுகிறேன். ‘ஃப்ரெட்’ என்று எழுத எழுத எரிச்சலாக இருக்கிறது.

மிலானில் இன்னொரு அழகு உண்டு. பாட்டுகள் வரும் பக்கத்தில் சில எண்கள் சிவப்பு மையில் இருக்கும். அந்த எண்களின் வரிசைதான் வாயால் பாட வேண்டிய மெட்டு (இந்த மெட்டு வேறு மெட்டு, மன்னிக்கவும்). பாடுகிறவருக்குத் தனி நோட்டு கிடையாது. விரல் எங்கே போகிறதோ அதையே குரலும் பாட வேண்டும். ஆறு பவானாவும் முடித்தவர்கள் அங்கே போய்ப் பாருங்கள்.

2022 நவம்பர் 13

தனிமடலில் ஒருவர்: “கருவியும் இருக்கு, நோட்டும் இருக்கு, அப்புறம் என்ன, அந்தக் காலத்து இசை முழுசா நம்ம கையில இருக்கே.”

பொதுவிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். டேப்லச்சரில் (டேப் என்பதன் முழுப் பெயர்) சுரமே கிடையாது. விரல் எந்த நரம்பில், எந்த மெட்டில் என்பது மட்டும்தான். ஒலி என்ன என்பதைக் கருவிதான் சொல்ல வேண்டும். மேலே சின்னச் சின்னக் கொடிக்குறி இருக்கும். அடுத்த மீட்டு எப்போது என்பதை அது சொல்லும், இப்போது மீட்டியது எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதைச் சொல்லாது. நாலு குரல் பாடுகிற பாட்டை லூட்டுக்கு மாற்றி எழுதினால், எந்தக் குரல் எங்கே நீண்டது, எங்கே மூச்சு விட்டது என்பதெல்லாம் தாளிலிருந்து காணாமல் போகும். வாசிக்கிறவர் காதால் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்பினாசினோ நூலின் முன்பக்கத்தில் ஒரு சிறு விளக்கம் இருக்கிறது. அதன் தலைப்பு ‘பாடத் தெரியாதவர்களுக்கான விதி’. பாட என்றால் நோட்டுப் பார்த்துப் பாட. சுரம் படிக்கத் தெரியாதவனும் வாசிக்கலாம், விரலை வைத்தால் போதும் என்பதுதான் விற்பனைத் தந்திரம். ஓடியது.

2022 நவம்பர் 20

நவம்பர் 6ஆம் தேதி கேள்விக்கே திரும்புகிறேன். கேட்டவர் வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. இதை எழுதத்தான் ஒரு வாரமாகக் கை பரபரத்தது.

நான் இருக்கிற ஊர் நூரெம்பெர்க். 1530 வாக்கில் இங்கே வந்து குடியேறி, அடுத்த வருடம் குடியுரிமை வாங்கி, லூட் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர் ஹான்ஸ் நாய்சிட்லர். 1536இல் அவர் போட்ட நூல் அசல் ஆரம்பப் பாட நூல். எந்த விரலை எங்கே வைப்பது என்பதற்குப் புள்ளிகள், விரலை எடுக்காமல் பிடித்திரு என்பதற்குச் சிலுவைக் குறி என்று எல்லாம் உண்டு. மேலே நான் புலம்பிய ‘எவ்வளவு நேரம் நீளும்’ பிரச்சினைக்கு அந்தச் சிலுவை ஒரு கை வைத்தியம். இரண்டு கல்யாணம், நிறையப் பிள்ளைகள். மகன் மெல்கியோரும் பேர் போன லூட் கலைஞர்.

இந்த ஹான்ஸ் 1544இல் அச்சிட்ட நூலில் ‘யூதர் நடனம்’ என்று ஒரு சின்ன உருப்படி இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் இசை வரலாற்றுத் தொகுப்பு போட்ட பெரிய மனிதர்கள் இதை இன்றைய நோட்டுக்கு மாற்றினார்கள். வந்தது காதைக் கிழிக்கிற இசை. ஒரு கை ஒரு சுருதியில், மறு கை இன்னொரு சுருதியில் வாசிப்பது போல. 400 வருடம் முன்னாலேயே இருசுருதி இசையா என்று வியந்தார்கள். யூதர்களைக் கேலி செய்யத்தான் இப்படி விகாரமாக எழுதியிருக்கிறார் என்றும் விளக்கம் வந்தது. மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்தார்கள்.

உருப்படிக்கு முன்னால் நாய்சிட்லர் ஒரு குறிப்பு வைத்திருந்தார். இதற்கு மட்டும் நரம்புகளை வேறு சுருதிக்கு மாற்றிக்கொள் என்று. தொகுத்தவர்கள் வழக்கமான சுருதியிலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். 1960இல் மைக்கேல் மாரோ என்ற லூட் கலைஞர் அந்தக் குறிப்பின்படி வைத்துக் காட்டியபோது விகாரம் போன இடம் தெரியவில்லை. துருத்தி ஊதுவது போல அடியில் ஒரே சுரம் நின்று ஒலிக்க, மேலே ஆட்டம் போடுகிற நடன மெட்டு.

விரல் எல்லாம் சரி, சுருதி மட்டும் தப்பு. நம் நண்பரின் மூன்றாவது நரம்புதான், ஆனால் பேராசிரியர் அளவில். எனக்கு உறுத்துவது வேறு. அபஸ்வரம் கேட்டதும் “நான் எங்கோ தப்பு விட்டேன்” என்று யாருக்கும் தோன்றவில்லை. “அவர்கள் வேறு மாதிரி ஆட்கள்” என்றுதான் தோன்றியது. தலைப்பில் யூதர் என்று இருந்ததால் கேலி என்று முடிவு கட்டுவது இன்னும் சுலபமாகிவிட்டது. நானும் விருந்தில் “சர்ச் ஸ்கேல்” என்றேனே.

2022 நவம்பர் 21

“அப்போ சரியான சுருதின்னா எது? ஏ 440ஆ?”

ஏ என்ற சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்ற அந்த அளவு 1939இல் லண்டனில் கூடிப் பேசி வைத்தது. மிலான் சொல்வது ரொம்ப எளிமை: முதல் நரம்பை அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவு ஏற்று, மற்றதை அதற்கு ஏற்பச் சேர்த்துக்கொள். நம் பாடகர்கள் அவரவர் கட்டைக்குச் சுருதி வைப்பது போலத்தான், இங்கே கட்டையைத் தீர்மானிப்பது நரம்பு.

எவ்வளவு தாங்கும் என்பது அறுந்த பிறகுதான் தெரியும் என்பதை மிலான் சொல்லவில்லை.

2022 நவம்பர் 27

அறுந்துவிட்டது.

இங்குள்ள லூட் ஆர்வலர் சங்கம் ஒன்றில் ஆறு ஜோடி லூட் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஜோடி என்றாலும் உச்ச நரம்பு ஒற்றைதான், ஆக 11 நரம்பு. நைலான் போட்டுக் கொடுத்தார்கள். நான்தான் வீம்புக்கு ஆட்டுக்குடல் நரம்பு வாங்கி மாட்டினேன். வெளியே பனி, உள்ளே ஹீட்டர். ராத்திரி பதினொன்றரைக்கு யாரும் தொடாமலே பட்டென்று ஒரு சத்தம். மனைவி ஜன்னல் கண்ணாடி என்று நினைத்து எழுந்து வந்தாள். காலையில் பார்த்தால் நரம்பின் முனை பல் துலக்கும் பிரஷ் மாதிரி நார் நாராகப் பிரிந்திருந்தது.

நாம் இன்னும் நரம்புக் கருவி என்றுதான் சொல்கிறோம். போட்டிருப்பது உலோகக் கம்பி. நிஜமாகவே குடலைத் திரித்து மாட்டிய பிறகுதான் அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அது உயிருள்ள ஜந்து மாதிரி. மழைக்கு ஒரு சுருதி, வெயிலுக்கு ஒரு சுருதி.

அடி நரம்புகள் ஏன் இரட்டை என்பதும் இதில்தான் விளங்கும். உலோகம் சுற்றிய நரம்பு 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்தது. அதுவரை மந்திர ஸ்தாயி நரம்புக்கும் வெறும் குடல்தான். தடிமனாகப் போட்டால் மொத்தென்று ஒலிக்கும், கணீர் என்று வராது. அதனால் பக்கத்திலேயே மெல்லிய நரம்பு ஒன்றை ஒரு ஸ்தாயி மேலே கட்டினார்கள். இரண்டையும் சேர்த்து மீட்டினால் மெல்லியது ஒலிக்கு முனை கொடுக்கும், தடித்தது உடம்பு கொடுக்கும். கிடாரில் வாசிக்கும்போது அந்த மேல் ஸ்தாயி ஒலி மொத்தமாகக் காணாமல் போகிறது. எஃப் ஷார்ப் வைத்தியத்தால் இதைச் சரிசெய்ய முடியாது.

2022 நவம்பர் 28

“எண்பது வயது லூட் கலைஞர் அறுபது வருடம் சுருதி சேர்த்தே கழித்திருப்பார்” என்ற பழைய நையாண்டியை ஒருவர் போட்டிருக்கிறார். சொன்னவர் மாத்தேசோன் என்ற ஜெர்மன் இசை எழுத்தாளர், 1713இல். அது மறுமலர்ச்சிக்குப் பின் வந்த பரோக் காலத்து லூட்டைப் பற்றியது. அப்போது 11 ஜோடி என்று ஏறியிருந்தது. மறுமலர்ச்சிக் கால ஆறு ஜோடிக்கு முப்பது வருடம் போதும்.

2022 டிசம்பர் 4

மெட்டு பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். வீணையில் மெழுகில் பதித்த மெட்டு, எடுத்து வைக்க வேண்டுமானால் கைதேர்ந்தவர் வர வேண்டும். லூட்டில் மெட்டு என்பதே கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிய குடல் நரம்புதான். தளர்ந்தால் நாமே மறுபடி கட்டலாம், இந்த உருப்படிக்கு இந்தச் சுரம் கொஞ்சம் இறங்கணும் என்றால் விரலால் ஒரு நூல் தள்ளிவிடலாம். முடிச்சுப் போட்டு முனையைச் சூடான இரும்பால் கருக்கிவிட வேண்டும். கரிந்த ஆட்டுக்குடல் வாசனை சமையலறையில் இரண்டு நாள் நிற்கும். வீட்டில் மெட்டு கட்டும் வேலைக்குத் தடை.

எங்கே கட்டுவது என்பதற்கு வின்சென்சோ கலிலேய் 1581இல் சொன்ன கணக்கு 18க்கு 17. கலிலியோவின் அப்பாதான், லூட் கலைஞர். மீதியிருக்கும் நரம்பு நீளத்தில் 18இல் ஒரு பங்கைத் தள்ளி அடுத்த மெட்டு. என் லூட் 60 செ.மீ. என்றால் முதல் மெட்டு 3.33 செ.மீ.இல். மிச்சம் 56.67. அதில் 18இல் ஒரு பங்கு, இப்படியே. 12 தடவை செய்தால் பாதியான 30க்கு வர வேண்டும், 30.2 வருகிறது. இரண்டு மில்லிமீட்டர் இடிக்கிறது.

அப்பாவுக்குக் கணக்கு வராது, அதனால்தான் பிள்ளை கணக்கில் இறங்கினார் என்று ஜோக் அடிக்க இருந்தேன். பிறகு வாசித்துப் பார்த்தால் அந்த இரண்டு மில்லிமீட்டர் தேவையாக இருக்கிறது! நரம்பை அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி லேசாக ஏறும். மெட்டு கொஞ்சம் பின்தங்கியிருந்தால் அந்த ஏற்றம் அதில் கரைந்துவிடும். கணக்கில் தப்பு, கையில் சரி.

2022 டிசம்பர் 12

இந்த உரையாடல் இழை லூட்டை விட்டு எங்கோ போகிறது, நானும் கூடவே போகிறேன். நேற்று ஒரு பட்டறையில் கிரம்ஹார்ன் ஊதினேன். குடை கைப்பிடி மாதிரி வளைந்த மரக்குழல்.

நாதஸ்வரம் தெரிந்தவர்களுக்கு ஒரு வரியில்: சீவாளியை மூடிபோட்டு அடைத்த நாதஸ்வரம் என்று நினையுங்கள், சத்தம் மட்டும் பத்தில் ஒரு பங்கு. நாதஸ்வரத்தில் சீவாளி உதட்டில் இருக்கும், சுரத்தை வளைப்பது, குழைப்பது எல்லாம் உதடும் மூச்சும். கிரம்ஹார்னில் சீவாளி மர மூடிக்குள். நாம் மூடியின் துளையில் ஊதுகிறோம், உதடு சீவாளியைத் தொடவே தொடாது. மெதுவாக ஊதினால் சுருதி இறங்கும், அழுத்தினால் ஏறும், அதனால் ஒரே சீராக ஊத வேண்டும். ஒன்பது சுரம்தான் வரும். ஒரு ஸ்தாயியும் கொசுறாக ஒரு சுரமும்.

சத்தம்? தேனடையில் கல் விட்டெறிந்தால் வருமே, அது. நாலு பேர் நாலு அளவுக் குழலில் சேர்ந்து ஊதியபோது மட்டும் திடீரென்று அழகாக ஆகிவிட்டது, ஏன் என்று புரிவதற்குள் என் மூச்சு போய்விட்டது.

நாதஸ்வரத்துக்கு நிஜமான உறவு ஷாம் என்ற கருவி. கூம்புத் துளை, வெளியே இரட்டைச் சீவாளி, ஊர்வலத்துக்கும் வெளியரங்குக்கும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் கருவிகளை உரத்தவை, மென்மையானவை என்றே இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஷாம் உரத்த கூட்டம், லூட் மென்மைக் கூட்டம். கல்யாணத்தில் நாதஸ்வரத்தையும் வீணையையும் ஒரே மேடையில் உட்கார வைக்க மாட்டோமே, அந்த ஞானம்தான்.

2022 டிசம்பர் 18

“பழைய லூட்டையே அருங்காட்சியகத்தில் அளந்து செய்தால் போகிறது” என்கிறார் ஒருவர். அதிலும் ஒரு சிக்கல். பொலோன்யாவில் லாவுக்ஸ் மாலர் என்ற ஜெர்மானியர் லூட் செய்தார். 1552இல் அவர் இறந்தபோது பட்டறையில் முடிந்ததும் முடியாததுமாக ஆயிரம் லூட் அளவுக்கு இருப்பு இருந்தது. அவ்வளவு பெயர். அடுத்த நூற்றாண்டுகளில் மாலர் லூட் என்றால் பொக்கிஷம். பொக்கிஷம் என்பதாலேயே அவற்றைப் பிரித்து, புதுக் கழுத்து வைத்து, நரம்பு கூட்டி, அந்தந்தக் காலத்துக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். இன்று மிச்சமிருப்பதில் கூடு 16ஆம் நூற்றாண்டு, கழுத்து பின்னாளையது. மலிவான லூட்டுகள் மாற்றப்படவில்லை. அவை எரிந்தும் உடைந்தும் போயின.

மேற்பலகை ஒன்றரை மில்லிமீட்டர் கனம். முழுக் கருவியும் ஒரு கிலோ வராது. கையில் எடுத்தால் காலிப் பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கும். இவ்வளவாவது மிஞ்சியதே பெரிய விஷயம்.

இதற்கு நேர் எதிர், இங்குள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுகருவி. எராஸ்முஸ் ஷ்னிட்சர் 1551இல் இதே ஊரில் செய்தது. மணிவாய் கொஞ்சம் ஒடுக்கம், மற்றபடி இன்றைய வாசிப்பாளர் பார்த்தவுடன் எங்கே பிடிப்பது என்று தெரிந்துகொள்வார்.

2023 ஜனவரி 8

கிடார் நண்பருக்கு ஒரு எச்சரிக்கை. லூட் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வலக்கை நகத்தை வெட்ட வேண்டும். ஆறு வருடம் வளர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய நகம். லூட்டில் விரல் சதைதான். சுண்டுவிரல் மேற்பலகையில் ஊன்றி இருக்கும், கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு உள்பக்கமாகப் போகும். கனத்த தட்டுக்குக் கட்டைவிரல், லேசான தட்டுக்கு ஆள்காட்டி விரல். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை லூட்டை இறகால் மீட்டினார்கள். இறகைக் கீழே போட்ட பிறகும் கை அதே மேல்-கீழ் அசைவை மறக்கவில்லை.

நான் வெட்டிய அன்று உண்மையாகவே துக்கமாக இருந்தது.

2023 ஜனவரி 29

நேற்று ம்யூனிக் போனேன், ஃபிராவன்கிர்ஹே தேவாலயத்துக்கு. கான்ராட் பவ்மான் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. இறந்தது 1473 ஜனவரி 24, ஆக இந்த வாரம் 550 வருடம். நூரெம்பெர்க்கில் பிறந்தவர், பிறவியிலேயே பார்வையற்றவர், ஆர்கன் கலைஞர். கல்லில் மடியில் சின்ன ஆர்கனோடு உட்கார்ந்திருக்கிறார், சுற்றி லூட்டும் மற்ற கருவிகளும். ‘எல்லாக் கருவிகளிலும் வல்லவர், இசையின் ஆசான்’ என்று எழுதி, பார்வையின்றிப் பிறந்தவர் என்பதையும் பொறித்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு சுற்றுலாக் குழு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

ஏன் இவர் என்றால், நாய்சிட்லர் எழுதிய ஜெர்மன் டேப்லச்சர் முறையை உண்டாக்கியவர் பவ்மான் என்று விர்துங் என்பவர் 1511இல் அச்சிட்ட நூலில் சொல்கிறார். அந்த முறையில் கோடே கிடையாது. ஐந்து திறந்த நரம்புக்கு 1 முதல் 5. முதல் மெட்டில் ஐந்து நரம்புக்கும் குறுக்காக ஆ, பே, த்சே, தே, ஏ. இரண்டாம் மெட்டில் எஃப், கே, ஹா, ஈ, கா. இப்படி ஒவ்வொரு நரம்பும் மெட்டும் சந்திக்கும் இடத்துக்குத் தனிப் பெயர். 25 இடத்துக்கு 23 எழுத்து போதாமல் கடைசியில் இரண்டு சுருக்கெழுத்துக் குறியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாவது நரம்பு பின்னால் வந்ததும் ஆளாளுக்கு ஒரு குறி போட்டார்கள், பெரிய குழப்பம்.

இந்த முறையைப் பார்க்கிற யாரும் திட்டாமல் இருக்க மாட்டார்கள். நானும் திட்டியிருக்கிறேன். நேற்று அந்தக் கல்லுக்கு முன்னால்தான் உறைத்தது: கோடு பார்க்கிறவனுக்கு வேண்டும். பார்க்காதவருக்கு எதற்கு? ஒரு இடம், ஒரு பெயர். வாயால் சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் படித்தால் போதும், இவர் வாசிப்பார்.

2023 பிப்ரவரி 5

சோதித்துப் பார்த்தேன். மகளுக்குப் பதினொரு வயது, ஜெர்மன் பள்ளி. நாய்சிட்லர் நகலை அவள் கையில் கொடுத்து, நான் கண்ணை மூடிக்கொண்டு லூட்டோடு உட்கார்ந்தேன். “வரிசையாப் படி, கண்ணம்மா.”

முதல் பத்து எழுத்து ஆமை வேகம். எழுத்தைக் கேட்டு, எந்த வரிசை என்று மனதில் எண்ணி, விரலை வைத்து. இருபதாவது எழுத்தில் எண்ணுவது நின்றுவிட்டது. “ஹா” என்றால் விரல் போகிறது. பிறகு ஒப்பிட, ஒரு பிரெஞ்சு டேப்பை எடுத்து “மூணாவது கோடு, த்சே; ரெண்டாவது கோடு, ஆ” என்று படிக்கச் சொன்னேன். இரண்டு வரியில் அவளுக்கும் எனக்கும் சண்டை.

திரும்ப நாய்சிட்லர். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் கடுப்பாக ஒரு அபஸ்வரம். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பழக்கதோஷத்தில் மூன்றாவது நரம்பைத் தட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்து பக்கத்தைப் பார்த்தால், பழைய ஜெர்மன் அச்சில் நெடிய ‘எஸ்’ எழுத்து அசப்பில் ‘எஃப்’ மாதிரியே இருக்கிறது. எஸ் என்றால் நடு நரம்பு, நாலாவது மெட்டு. எஃப் என்றால் ஐந்தாவது நரம்பு, இரண்டாவது மெட்டு. அவள் எல்லாவற்றையும் எஃப் என்றே படித்திருக்கிறாள்.

“அப்பா, அவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க, நான் என்ன பண்ண?” என்றாள்.